டயர் இடமாற்றம்: கேள்வி பதில்

நான்கு டயரும் ஒன்றாகத்தானே ஓடுகின்றன, ஏன் இடம் மாற்ற வேண்டும்?

ஒன்றாக ஓடினாலும் ஒரே அளவு உழைப்பதில்லை. முன்சக்கர இழுவை வண்டியில் எஞ்சின் பாரம், இழுவை, திருப்பம், பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் முன்டயர்கள் மேல்தான். அப்படியே விட்டால், அவை மொட்டையாகும்போது பின்டயர்களில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுபள்ள வரிகள்) இன்னும் நிறைய இருக்கும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

8,000 முதல் 10,000 வரை. வண்டியின் கையேடு வேறு கணக்குச் சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

ஐயா, மெக்கானிக் முன்டயர்களை நேராகப் பின்னால் போட்டார். பின்டயர்களை மட்டும் இடம் வலமாக மாற்றி முன்னால் போட்டார். தவறா?

முன்சக்கர இழுவை என்றால் மிகச் சரி. பின்சக்கர இழுவைக்கு நேர்மாறாகச் செய்வார்கள். ஆனால் டயரின் பக்கவாட்டில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால், அதே பக்கத்தில் முன்பின் மட்டும்தான் மாற்றலாம்.

மாற்றிய பிறகு 'உம்' என்று இரைச்சல் வருகிறது. பழையபடியே போட்டுவிடவா?

வேண்டாம். பின்னால் இருந்தபோதே கோணலாகத் தேய்ந்த டயர், இப்போது உங்கள் காதுக்கு அருகில் வந்திருக்கிறது. உள்ளங்கையால் டயரின் மேற்பரப்பைத் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பப் பல் போல் கையில் உரசினால், வீல் அலைன்மென்டையும் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) ஷாக் அப்சார்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். நான் ஒவ்வொரு முறையும் இப்படித் தடவிப் பார்க்காமல் டயரை மாட்டவிடுவதில்லை. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, நடுவே தேய்ந்திருந்தால் அதிகம், ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட். இடம் மாற்றுவது இந்தக் கோளாறுகளைத் தீர்க்காது, கண்ணில் காட்டிக்கொடுக்கும். எனக்கு அதுவே பெரிய பயன்.

பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு வரை தேய்ந்துவிட்டது. மாற்றிப் போடலாமா?

கூடாது. மேடு சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான். புது டயர் வாங்குங்கள்.

இரண்டு மட்டும் வாங்கினால் முன்னாலா, பின்னாலா?

பின்னால். முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் தெரியும், வேகத்தைக் குறைப்பீர்கள். ஈரச் சாலையில் பின்சக்கரம் பிடியை விட்டால் வண்டியே சுழன்றுவிடும். சுதாரிக்க நேரம் இருக்காது.

வீட்டிலேயே செய்யலாமா?

சமதரையில், ஸ்டாண்ட் வைத்துச் செய்யலாம். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். நட்டுகளை வரிசையாக அல்ல, எதிரெதிராக முறுக்குங்கள். சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். முன்டயருக்கும் பின்டயருக்கும் வைக்க வேண்டிய காற்றழுத்தம் வேறு வேறு என்றால், புது இடத்துக்கு ஏற்ப அன்றே திருத்திவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.