பிழை ஏழாம் வரியில் இல்லை

மதுரையில் பம்பு செட் கன்ட்ரோலர்களுக்கு நிரல் எழுதுகிறேன். சி மொழி ஹெடர் கோப்புகள் (பல நிரல்களுக்கும் பொதுவான அறிவிப்புகளை வைத்திருக்கும் .ஹெச் கோப்புகள்) தரும் தொல்லைகள் குறித்து வந்த கேள்விகளில் சில இங்கே.

திருமங்கலம், கல்லூரி மாணவர்: அக்கா, மெயின்.சி கோப்பின் ஏழாம் வரியில் பிழை என்கிறது கம்பைலர், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள். அந்த வரியில் ‘வாய்ட்’ என்று ஒரு ஃபங்ஷன் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

ஏழாம் வரியை விடுங்கள் தம்பி. அதற்கு மேலே சேர்த்திருக்கும் ஹெடரின் கடைசி வரியைப் பாருங்கள். ஸ்ட்ரக்டை (பல மாறிகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பை) மூடிய அடைப்புக்குறிக்குப் பின் அரைப்புள்ளி விடுபட்டிருக்கும். இன்க்ளூட் செய்தால் அந்தக் கோப்பு முழுவதும் அந்த இடத்திலேயே ஒட்டப்படுகிறது. கம்பைலருக்கு எல்லாம் ஒரே நீளத் தாள். மூடிய குறிக்குப் பின் ஒரு மாறியின் பெயர் வரலாம் என்று அது காத்திருக்கிறது. ‘வாய்ட்’ வந்ததும்தான் கூச்சலிடுகிறது. ஆரப்பாளையத்தில் தேனி பஸ் என்று நினைத்துத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறியவருக்குச் சமயநல்லூரில்தான் உறைக்கும். தவறு நடந்தது ஆரப்பாளையத்தில். அடுத்து வருவது சிப் நிறுவனத்தின் ஹெடராக இருந்தால் பிழை அதற்குள் காட்டும். அதில் கைவைத்துவிடாதீர்கள்.

மேலூர், கன்ட்ரோலர் செய்பவர்: அம்மா, பிரஷர்.ஹெச் சேர்த்தும் அதிலுள்ள டேட்டா வகையைத் தெரியாது என்கிறது கம்பைலர். எழுத்துப் பிழை இல்லை, பத்து முறை பார்த்துவிட்டேன்.

ஐயா, அந்தக் கோப்பை வேறொரு ஹெடரிலிருந்து நகலெடுத்தீர்களா? அப்படியென்றால் தலையில் இருக்கும் இஃப்என்டெஃப் பெயரை மாற்ற மறந்திருப்பீர்கள். ஒரே ஹெடர் இருமுறை நுழையாமல் தடுக்கும் காவலாளி அது. இரண்டு கோப்புகளுக்கும் ஒரே பெயர் என்றால், இரண்டாவதை ஏற்கெனவே வந்தவர் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும், ஒரு வார்த்தை சொல்லாமல். சோதிக்க எளிய வழி: காவல் வரிகளுக்குக் கீழே ஒரு ஹேஷ் எரர் வரியை (கம்பைலரை அங்கேயே நிறுத்தும் கட்டளை) போடுங்கள். கம்பைலர் அங்கே நிற்கவில்லை என்றால் உள்ளே நுழையவே இல்லை என்று பொருள். நான் ஒரு முறை இதற்காக இரண்டு நாள் தொலைத்தேன், வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

காவல் பெயர் சரியாக இருந்தால், இரண்டு ஹெடர்கள் ஒன்றையொன்று சேர்த்துக்கொள்கின்றனவா என்று பாருங்கள்.

உசிலம்பட்டி: பாட் ரேட்டை (சீரியல் தொடர்பின் வேகம்) 9600 என்று டிஃபைன் செய்தேன். பயன்படுத்தும் இடத்தில் அடைப்புக்குறி இல்லை என்கிறது.

டிஃபைன் வரியின் கடைசியில் அரைப்புள்ளி வைத்திருப்பீர்கள். 9600-உடன் அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். எடுத்துவிடுங்கள்.

திருப்பரங்குன்றம்: ஆய்வகத்தில் கெய்ல் கம்பைலரில் ஓடிய 8051 மைக்ரோகன்ட்ரோலர் நிரல், வீட்டில் எஸ்டிசிசி என்ற இலவச கம்பைலரில், ஒரு பின்னுக்குப் பெயர் வைக்கும் எஸ்பிட் வரியில் நின்றுவிடுகிறது.

எஸ்பிட் சி மொழியின் சொல் அல்ல. கெய்ல் தனக்கென்று சேர்த்துக்கொண்டது. ரெக்51.ஹெச்-ஐ நீக்கி 8051.ஹெச் சேருங்கள். அதில் பி1_0 என்ற பெயரிலேயே அந்தப் பிட் இருக்கிறது. அந்தப் பின்னுக்கு எல்இடி என்று பெயர் வைத்திருந்தால், எல்இடி என்பதை பி1_0 என்று டிஃபைன் செய்தால் போதும்.

மீண்டும் திருப்பரங்குன்றம்: மாற்றினேன் அக்கா. இப்போது 342 என்று ஏதோ எண் சொல்லித் திட்டுகிறது.

வலைப்பக்கத்திலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ வெட்டி ஒட்டினீர்களா? வளைந்த மேற்கோள் குறி வந்திருக்கும்; கம்பைலர் 342 என்று சொல்வது அதைத்தான். அந்த வரியை அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.