நெல்லாக வாங்கி வையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் குடியிருப்பில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து திருவாரூர்ப் பக்கம் ஒரு விவசாயியிடம் நேரடியாக மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரியச் சிவப்பரிசி வாங்கினோம். வீட்டுக்கு 25 கிலோ, தீட்டாத பச்சரிசி. இரண்டாம் மாதமே வண்டு, மூன்றாம் மாதம் சிக்கு வாடை. விலையோ கடை அரிசியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவரிடம் இயற்கை விவசாயச் சான்றிதழும் இல்லை. ஏமாந்துவிட்டோம் என்கிறார்கள் சிலர். இந்த வருடமும் அவரிடமே வாங்கலாமா? மிச்சம் இருக்கும் அரிசியை என்ன செய்வது?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

நீங்கள் எழுதியிருப்பதில் ஏமாற்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைத்து வாயை அடைத்துவிடும். வாங்கும்போது அரிசி சுத்தமாகத்தான் தெரியும். சென்னை வெக்கையில் ஒரு மாதம் போதும், வண்டாக வெளியே வந்துவிடும்.

சிக்கு வாடை வேறு சங்கதி. உமியை உரித்ததும் தவிட்டுப் படலம் சிராய்கிறது. தவிட்டில் எண்ணெய் உண்டு, அந்த எண்ணெயைச் சிதைக்கும் நொதியும் உண்டு. நெல்லாக இருக்கும்வரை தனித்தனியே கிடந்த இரண்டும் அப்போதுதான் கலக்கின்றன. புழுங்கல் என்றால் அவிக்கும் சூட்டிலேயே நொதி செத்துவிடும். பச்சரிசியில் அது அப்படியே இருக்கும். தீட்டாத பச்சரிசியை மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்ததுதான் தவறு. அதை அவரும் சொல்லியிருக்கலாம்.

ஆகவே அடுத்த முறை அரிசியாக வாங்காதீர்கள். நெல்லாக விலை பேசி, பணத்தைக் கொடுத்து, அவர் வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லி, மாதம் ஒருமுறை அரைத்து வாங்குங்கள். நன்றாகக் காய்ந்த நெல் உமிக்குள் ஒரு வருடம் தாங்கும். பல்லில் வைத்துக் கடித்தால் ‘கடுக்’கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. மூட்டைகளைப் பலகைமேல், சுவரில் படாமல் அடுக்கி, இடையில் காய்ந்த நொச்சி அல்லது வேப்பிலை போடுவது வழக்கம். இன்னொரு லாபமும் உண்டு. புதுநெல் சோறு குழையும், ஐந்தாறு மாதம் கிடந்த நெல் உதிரியாக வேகும்.

கணக்குக்கு வருவோம். பத்து வீடு, வீட்டுக்கு மாதம் 10 கிலோ என்றால் வருடத்துக்கு 1,200 கிலோ அரிசி. தீட்டாமல் அரைத்தாலும் நொறுங்கல், பதர், கல் எல்லாம் போக 100 கிலோ நெல்லுக்கு 60 கிலோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆக 2,000 கிலோ நெல், 75 கிலோ மூட்டையில் சுமார் 27. ரசாயனம் இல்லாத பாரம்பரிய நெல் ஏக்கருக்குப் பதினைந்து மூட்டை கண்டால் நல்ல வருடம். உங்கள் பத்து வீட்டுச் சோறு கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர்.

விலை ஏன் இரட்டிப்பு என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நெல் கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் அரிசியின் அடக்கம் அப்போதே 66 ரூபாயைத் தாண்டிவிடும். அவியல் கூலி, அரவைக் கூலி, சாக்கு, லாரி எல்லாம் அதற்கு மேல். மாப்பிள்ளைச் சம்பா வயலில் நிற்பதோ ஐந்து மாதத்துக்கு மேல். அதே மண்ணில் குறுகிய கால ரகம் 110 நாளில் இதைப்போல் இரண்டு மடங்கு விளையும். அரசுக் கொள்முதல் நிலையத்தில் இருப்பது சன்னம், பொது என்ற இரண்டே விலை. பாரம்பரியம் என்று அங்கே யாரும் கூடுதலாகத் தருவதில்லை. நீங்கள் வாங்காவிட்டால் அந்த நெல் போகுமிடம் அதுதான்.

அதனால் பேச்சு ஆடியில், விதைப்புக்கு முன் நடக்கட்டும். மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மிச்சம் அறுவடை முடிந்த பத்து நாளுக்குள். அறுப்பு இயந்திர வாடகையும் கடனும் வாசலில் வந்து நிற்கும் நேரம் அது. அரிசி வர வரப் பணம் தருகிறோம் என்றால் சுமை முழுவதும் அவர் தலையில். வெள்ளமோ சாய்ச்சலோ வந்தால் முன்பணம் என்ன ஆகும் என்பதையும் அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மாப்பிள்ளைச் சம்பாவாக வாங்கவும் வேண்டாம். இரவு முழுக்க ஊறவேண்டிய அரிசியைத் தினமும் சமைப்பவர்கள் குறைவு. பாதியைத் தூயமல்லி, கிச்சிலிச் சம்பா போன்ற வெள்ளை ரகமாகக் கேளுங்கள், அதுவும் ஒரே முறை அவித்த ‘ஓர் அவியல்’ புழுங்கலாக. ஊறல் தண்ணீர் புளித்தால் புழுங்கலுக்கு ஒரு நாற்றம் வரும். தண்ணீரை மாற்றினார்களா என்று விசாரியுங்கள். ஆலையில் முன்னால் அரைத்தவரின் அரிசி மிச்சம் கொஞ்சம் கலந்துவரும். வெள்ளையில் நாலு சிவப்பு கண்டால் சண்டைக்குப் போகவேண்டாம்.

சான்றிதழ் விஷயம். ஆண்டு விற்பனை 12 லட்ச ரூபாயைத் தாண்டாத சிறு உற்பத்தியாளர் உண்பவருக்கு நேரடியாக விற்க, உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிகள் சான்றிதழ் கேட்பதில்லை. விரும்பினால் அக்கம்பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகி, ஒருவர் வயலை மற்றவர் சோதிக்கும் பி.ஜி.எஸ். முறையில் பதியலாம். காகிதத்தைவிட நான் நம்புவது நேரே போய்க் கேட்பதை. நடவுக்கு முன் பசுந்தாள் உரமாக எந்தச் செடியை மடக்கி உழுதீர்கள்? தக்கைப்பூண்டு என்றால் எத்தனை நாளில்? இலைச்சுருட்டுப் புழுவுக்கு என்ன தெளித்தீர்கள்? களை எடுத்தது எத்தனை முறை, ஆள் வைத்தா, கோனோவீடர் என்ற தள்ளும் களைக்கருவியாலா? மேல்வயல் தண்ணீர் உங்கள் வயலுக்குள் வருகிறதா? செய்தவர் யோசிக்காமல் சொல்வார். யூரியாவைப் பற்றி நான் அதிகம் கவலைப்படமாட்டேன். இடுப்புக்கு மேல் வளரும் இந்த ரகங்களுக்கு அதை அள்ளிப் போட்டால் கார்த்திகை மழையில் படுத்துவிடும். சந்தேகப்பட வேண்டியது களைக்கொல்லியை.

கையில் இருக்கும் அரிசிக்கு: வண்டு மட்டும் என்றால் முறத்தில் புடைத்து, நிழலில் பரப்பி, சின்னப் பைகளாக ஃப்ரீசரில் நான்கு நாள் வையுங்கள், முட்டையும் சாகும். கடும் வெயிலில் போட்டால் மணி வெடித்து நொய்யாகும். புட்டுக்கும் தோசைக்கும் அரைத்துச் சீக்கிரம் தீருங்கள். சிக்கு ஏறியது எத்தனை முறை கழுவினாலும் போகாது. அதை மாட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், ஒரே நாளில் மொத்தமாக வேண்டாம், தீவனத்தோடு ஒரு கைப்பிடி.