எபோலா, விமானத் தடை, உலக சுகாதார நிறுவனம்: கேட்டதும் சொன்னதும்

குமரன்: மேடம், உலக சுகாதார நிறுவனம் (டபிள்யூ.எச்.ஓ) அவசரநிலைன்னு அறிவிச்சா நம்ம ஊர்ல லாக்டவுன் போட அவங்களுக்கு பவர் இருக்கா?

பதில்: இல்ல. 2005 சர்வதேச சுகாதார விதிகள்படி பரிந்துரை மட்டும்தான். பூட்டு போடறது அந்தந்த அரசு.

சுபா: மேற்கு ஆப்பிரிக்க எபோலாவுல ஏன் அவ்ளோ லேட்டு?

பதில்: இதைத்தான் யாராவது கேட்கணும்னு இருந்தேன். 2013 டிசம்பர்ல கினியில ஒரு காட்டோர கிராமத்துல ஆரம்பிச்சுது, எபோலான்னு உறுதியானது 2014 மார்ச்ல, அதுக்குள்ள அது எல்லை தாண்டுற பாதையில ஏறியாச்சு. ஜூன்ல எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கைமீறிடுச்சுன்னு கத்துனாங்க, ஜெனிவாவுல இருக்குற டபிள்யூ.எச்.ஓ அவசரநிலை அறிவிச்சது ஆகஸ்ட் 8. நாடுகள் கோவிச்சுக்கும், வியாபாரம் அடிவாங்கும்னு உள்ளுக்குள்ள தயங்குனது பின்னாடி வெளியான மின்னஞ்சல்கள்லயே இருந்துச்சு. கடைசியில 11,300க்கு மேல சாவு.

ரவி: கினி, லைபீரியா, சியரா லியோன்னு அந்த மூணு நாட்டு ஃபிளைட்டையும் அப்பவே நிறுத்தியிருந்தா முடிஞ்சிருக்குமே?

பதில்: முடிஞ்சிருக்காது. பல கம்பெனிங்க நிறுத்தத்தான் செஞ்சாங்க, அதனால டாக்டரும் மருந்தும் உள்ள போறது கஷ்டமாச்சு, ஜனங்க வழக்கம்போல தரைவழியா எல்லை தாண்டிட்டுத்தான் இருந்தாங்க.

ரவி: ஆனா நைஜீரியாவுக்கு ஃபிளைட்லதானே வந்துச்சு!

பதில்: ஆமா, 2014 ஜூலையில லாகோஸுக்கு. லைபீரியாவுல இருந்து வந்த அந்த நோயாளியை டிஸ்சார்ஜ் பண்ணச் சொல்லி பிரஷர் வந்தும் டாக்டர் அமேயோ அடதேவோ விடல, அவங்களும் அதே நோயிலதான் போனாங்க. போலியோவுக்குன்னு ஏற்கெனவே இருந்த டீமை இறக்கி நோயாளிகளோட பழகுனவங்களை வீடு வீடா தேடுனாங்க. மொத்தம் 20 கேஸ், 8 சாவு, அக்டோபர்ல முடிஞ்சுது.

ரவி: அது லக்குங்க.

பதில்: ரெண்டு கோடி பேரு நெருக்கியடிக்கிற ஊர்ல லக்கை மட்டும் நம்பி நிக்க முடியாது தம்பி. 2021 நவம்பர்ல தென்னாப்பிரிக்கா கொரோனாவோட புது வகையான ஓமிக்ரானை நேர்மையா சொன்னுச்சு, உடனே அவங்களுக்கு விமானத் தடை விழுந்துச்சு. நெதர்லாந்துல அதுக்கு முன்னாடியே எடுத்த சாம்பிள்லயே அது இருந்துச்சுன்னு அப்புறம் தெரிஞ்சுது. சொன்னவனை அடிச்சா அடுத்தவன் மறைப்பான், திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்றேன்.

ஹரிணி: டபிள்யூ.எச்.ஓ-வோட 2025 பெருந்தொற்று ஒப்பந்தத்துல அவங்களுக்கு லாக்டவுன் பவர் குடுத்துட்டாங்களாமே?

பதில்: குமரனுக்குச் சொன்னதைப் படிங்க. அந்த அதிகாரம் கிடையாதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு.

பாலா: மேடம் லாக்டவுன்...

பதில்: மேல பாருங்க.

செல்வி: அக்கா, பையனுக்கு மூணு நாளா காய்ச்சல், என்ன மாத்திரை குடுக்கலாம்?

பதில்: இங்க கேட்காதீங்கம்மா, இப்பவே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கூட்டிட்டுப் போங்க.