மரத்தடியில் எதை நட்டாலும் செத்துவிடுகிறது. பராமரிப்பே இல்லாமல் எப்போதும் பச்சையாக இருக்கும் பல்லாண்டுச் செடி எது?

'பராமரிப்பே இல்லாமல்' என்று கேட்டிருக்கிறீர்களே, அதை நம்பித்தான் நான் பதினொரு செடிகளைக் கொன்றேன்.

உங்கள் இடமும் என் இடம் மாதிரிதான் இருக்கும்: ஒரு பக்கம் பெரிய மரம், மறுபக்கம் சுவர், வெயில் எட்டிப் பார்ப்பதோடு சரி. நிழல்தானே பிரச்சினை என்று, நிழலிலும் வளரும் ஆஸ்பிடிஸ்ட்ரா என்ற செடியை வாங்கி வரிசையாக நட்டேன். 'வார்ப்பிரும்புச் செடி' என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு. இரும்புக்கு எதற்குத் தண்ணீர் என்று முதல் மாதமே குழாயை மூடிவிட்டேன்.

நல்ல மழை பெய்த மறுநாள், வாடிப்போன ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர்க்கட்டி தொட்டியில் இருந்த உருவத்திலேயே கையோடு வந்தது. அதைச் சுற்றி மயிரிழை மாதிரி மரத்தின் வேர்கள். குழிக்குள் மண் பொடியாக உதிர்ந்தது. மழையைக் கிளையும் சுவரும் தடுத்துவிட்டன. நான் நடும்போது ஊற்றிய தண்ணீரை மரமே குடித்திருக்கிறது.

அது இரும்புதான், ஆனால் வேர் பிடித்த பிறகு. அடுத்த முறை சின்னக் கன்றுகளாக, மரத்தின் தடித்த வேர்களை வெட்டாமல் அவற்றின் இடுக்குகளில் நட்டேன். மக்கிய இலையை மெல்லிசாகப் பரப்பி, முதல் வருடம் முழுக்க மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விட்டேன். (மண் கொட்டி மேடாக்கிவிடாதீர்கள், மர வேருக்கு மூச்சு முட்டும்.) மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒருநாள், பேனா மாதிரி சுருண்ட ஒரே ஒரு இலை.

சுவரோரம் கொஞ்சம் வெயில் படுகிற இடத்தில் ஆஸ்பிடிஸ்ட்ரா கருகும்; அங்கே மருள் (ஸ்னேக் பிளான்ட்) வைத்தேன். இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கினால்தான் அழுகும். உறைபனி விழும் ஊரென்றால் மருளை மறந்துவிடுங்கள்.

'ஐவிக் கொடியைப் படரவிட்டால் போதுமே' என்று யாராவது வருவார்கள். படரும், மறுக்கவில்லை. மரத்திலும் சுவரிலும் ஏறிய பிறகு பிய்த்தெடுக்க அவர்களையே கூப்பிடுங்கள். நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை, என் மண்ணில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. செடி புதர் கட்டியதும் 'ஒரு கன்று கொடுங்களேன்' என்று வருவார்கள். கொடுங்கள், ஆனால் தொட்டியோடு கொடுக்காதீர்கள். எனக்கு இன்னும் நாலு தொட்டி திரும்பி வரவேண்டியிருக்கிறது. கேட்டால், 'எந்தத் தொட்டி?' என்கிறார்கள்.