காம்பியாவுக்கு அங்கே என்ன வேலை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரோஹிங்கியா முஸ்லிம்களுக்காக மியான்மர் மீது காம்பியா தொடுத்த இனப்படுகொலை வழக்கை வரவேற்று எழுதியிருந்தீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் நாட்டுக்கு மியான்மரில் என்ன வேலை? தன் வீட்டுக் குப்பையைக் கூட்டாதவர்கள் அடுத்த வீட்டு வாசலைக் கூட்டப் போவானேன்? நம் அரசும் இம்மாதிரிப் புகார்களில் சேராமல் ஒதுங்கியிருப்பதே நல்லது.

செ., திண்டுக்கல்

அன்புள்ள செ.,

நீங்கள் கேட்பதை 1946-ல் நம்மைப் பார்த்துக் கேட்டார்கள்.

அந்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. நேட்டாலிலும் டிரான்ஸ்வாலிலும் இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கோடு கிழித்தது. நாடாளுமன்றத்தில் அவர்களுக்குப் பிரதிநிதி உண்டு, ஆனால் அவர் வெள்ளையராக இருக்க வேண்டும். அங்குள்ள இந்தியர்கள் அதைக் கெட்டோ சட்டம், அதாவது ஒதுக்கி அடைக்கும் சட்டம், என்றார்கள். 1860 முதல் சென்னையில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களில் பலர். ஜூனில், டர்பனில் அம்பிலோ சாலையும் கேல் தெருவும் சேரும் முனையில், காலி நிலத்தில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். வெள்ளையர் கும்பல் வந்து கூடாரங்களைப் பிடுங்கி எறிந்தது. அதே இடத்தில் வெட்டவெளியில் படுத்தார்கள். சிறைக்குப் போனார்கள்.

அந்த மாதமே இந்தியா ஐ.நா.வில் புகார் கொடுத்தது. தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ், இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றார். மனித உரிமை பற்றிப் பேசும் ஐ.நா. சாசன முகவுரையை எழுதியதில் அவருக்கே பங்குண்டு. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நம் வீட்டுக் குப்பையா? தீண்டாமை இருந்தது. அந்த ஆகஸ்டில் மதக் கலவரத்தில் கல்கத்தா தெருக்களில் பிணங்கள் கிடந்தன. உங்கள் கணக்குப்படி, இந்தியக் குழுவின் தலைவர் விஜயலட்சுமி பண்டிட் நியூயார்க்கில் ஐ.நா. சபையில் வாயே திறந்திருக்கக் கூடாது. டிசம்பர் 8 அன்று தீர்மானம் 32-க்கு 15 என்று நிறைவேறியது. அமெரிக்காவும் பிரிட்டனும் எதிர்த்து வாக்களித்தன.

அதனால் உடனே விடிந்துவிடவில்லை; 1948-ல் அங்கே இன்னும் கொடிய நிறவெறி ஆட்சி வந்தது. ஆனால் உள்நாட்டு விவகாரம் என்ற கதவை அதன்பின் அவர்களால் இறுகச் சாத்த முடியவில்லை. இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தையும் நிறுத்தியிருந்தது. ஓர் அரசு மனதாரப் பேசுகிறதா என்பதற்கு நான் பார்ப்பது இந்த இரண்டைத்தான்: தன் கைப்பொருளை இழக்கத் துணிகிறதா, அடிபடுகிறவர்கள் அதை வேண்டுகிறார்களா. அன்று தென்னாப்பிரிக்க இந்தியர்களின் சார்பில் எச்.ஏ. நாயுடுவும் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் அன்றைய தலைவர் ஏ.பி. ஜூமாவும் நியூயார்க்குக்கே போய் ஆதரவு கேட்டார்கள்.

காம்பியாவின் நீதி அமைச்சராக இருந்த அபுபக்கர் டம்படூ, ருவாண்டா இனப்படுகொலை வழக்குகளில் வேலை பார்த்தவர். 2018-ல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாமுக்குப் போய், தப்பி வந்தவர்கள் சொன்னதைக் கேட்டார். 2019 நவம்பரில் வழக்கு. காம்பியாவுக்கு என்ன வேலை என்று மியான்மரும் கேட்டது. இனப்படுகொலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட எந்த நாடும் கேட்கலாம் என்று 2022-ல் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்த நீதிமன்றத்தில் நாடுகள் மட்டுமே வழக்குத் தொடுக்க முடியும், செ. ரோஹிங்கியாக்களை மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டம் வெளியே நிறுத்திவிட்டது. வழக்குப் போட அவர்களுக்கு ஒரு நாடு இல்லை. நம் அரசு இதை ஆதரிக்க வேண்டும் என்றே இன்றும் சொல்கிறேன்.