டியுஎஸ்பி211 தீர்ந்துவிட்டது, அதே பேடில் 212 வைக்கலாமா?

கேள்வி: எங்கள் போர்டின் யுஎஸ்பி 2.0 லைனில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டியுஎஸ்பி211 சிக்னல் கண்டிஷனர் (வழியில் தேயும் சிக்னலைத் தூக்கிவிடும் சிப்) இருக்கிறது. ஸ்டாக் தீர்ந்துவிட்டது, கையில் டியுஎஸ்பி212 இருக்கிறது. பிசிபியை மாற்றாமல் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். ஆனால் பேட் (சிப்பின் பின் ஒட்டும் செம்புத் தடம்) பொருந்துகிறதே என்று அப்படியே ஒட்டிவிடாதீர்கள். இரண்டுமே 1.6 மி.மீ. சதுரம், 12 பின், 3.3 வோல்ட். 211-இல் பூஸ்டை, அதாவது சிக்னலை எவ்வளவு தூக்குவது என்பதைத் தீர்மானிப்பது ஈக்யூ பின்னிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டர். 212-இல் அதோடு டிசி பூஸ்டுக்கும் (சிக்னலின் வோல்டேஜ் அளவையே உயர்த்துவது) ஒரு பின் உண்டு. உங்கள் பழைய போர்டில் அந்த இடத்து பேட் எங்கே போகிறது? முதலில் அதைப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு கறார்? 480 எம்பிபிஎஸ் ஹை ஸ்பீடில் சிக்னல் சுமார் 400 மில்லிவோல்ட்தான். கேபிள் கழன்றதா என்பதையும் ஹோஸ்ட் (கணினிப் பக்கம்) அதே லைனின் வோல்டேஜை வைத்தே முடிவு செய்கிறது: 525 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் இணைப்பு உண்டு, 625-ஐத் தாண்டினால் கழன்றுவிட்டது. டிசி பூஸ்டைத் தாராளமாக வைத்தால், செருகியபடி இருக்கும் பென் டிரைவையே ஹோஸ்ட் துண்டித்துவிடும். நீங்களோ கனெக்டரைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

பழைய ஈக்யூ ரெசிஸ்டரையும் அப்படியே விடவேண்டாம். 212-இன் டேட்டாஷீட் அட்டவணையில் மிகக் குறைந்த பூஸ்டில் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். பவர் வரும்போதுதான் சிப் இந்த அமைப்பைப் படிக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் பவரை நிறுத்திப் போடவேண்டும்.

ஹாட் ஏரில் பழைய சிப்பை எடுத்ததும் (கடுகளவுதான், பக்கத்து கெப்பாசிட்டர்கள் பத்திரம்) புதியதை வைக்க அவசரப்படாதீர்கள். இந்த வகை சிப் லைனை வெட்டி நடுவில் உட்காருவதில்லை. ஓடுகிற டி+, டி- டேட்டா லைன்களோடு ஒட்டி நின்று தூக்கிவிடுகிறது. எனவே சிப் இல்லாமலே குட்டைக் கேபிளில் பென் டிரைவ் வேலை செய்யவேண்டும். செய்யாவிட்டால் கோளாறு சிப்பில் இல்லை. 90 ஓம் இம்பிடன்ஸ் இருக்கவேண்டிய டேட்டா டிரேஸையும், கெப்பாசிட்டன்ஸ் அதிகமுள்ள இஎஸ்டி (நிலைமின் பாதுகாப்பு) டயோடையும் பாருங்கள்.

கடைகளில் தேடும்போது யுஎஸ்பி 3 ரீட்ரைவர்களும் (அவையும் சிக்னலைத் தூக்கிவிடும் சிப்கள்) வந்து நிற்கும். அவை ஒருவழிப் பாதைக்கானவை. இருபுறமும் மாறி மாறிப் பேசும் யுஎஸ்பி 2.0 லைனுக்கு உதவாது.

கடைசியாக, மவுஸைச் செருகி "ஓடுகிறது" என்று முடித்துவிடாதீர்கள். மவுஸ் ஓடும் குறைந்த வேகத்தில் கண்டிஷனர் தலையிடுவதே இல்லை. நீளக் கேபிளில் பென் டிரைவைப் போட்டுப் பெரிய ஃபைலைக் காப்பி செய்து பாருங்கள்.