முனை வரை போய்த் திரும்ப: கடலோரச் சரளை ஓட்டம், கேள்வி பதில்

பாறைக் கரையும் மண்பாதையுமாகக் கிடக்கும் தீபகற்பங்களில் கிராவல் சைக்கிள் (சரளைப் பாதைக்கான அகல டயர் சைக்கிள்) ஓட்டுவது பற்றி இன்று பதில் சொல்கிறேன். பல வருடமாக எனக்கு இந்த மாதிரிப் பாதைகளில்தான் ஓட்டம். எந்த பிராண்டு வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: அக்கா, வரைபடத்தில் மலையே இல்லை. மிக உயரமான இடமே 200 மீட்டர்தான். 80 கிலோமீட்டரை நாலு மணி நேரத்தில் முடித்துவிடலாமா?

முடியாது தம்பி. உயரத்தை விட்டுவிட்டு ஓடைகளை எண்ணுங்கள். முரட்டுக் கரையில் ஒவ்வொரு ஓடையும் கடலில் சேருகிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும், அடுத்து ஒரு பாறை முனை இருக்கும். பாதை ஒவ்வொரு தடவையும் கடல் மட்டத்துக்கு இறங்கி மறுபடி ஏறும். 25 ஓடை, ஒவ்வொன்றுக்கும் 60 மீட்டர் என்று வைத்தாலே 1500 மீட்டர் ஏற்றம் ஆகிவிடுகிறது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரப் பாதை 1014 கிலோமீட்டர். அது ஏறுகிற மிக உயரமான குன்று 318 மீட்டர்தான், ஆனால் ஏற்றங்களைக் கூட்டினால் சுமார் 35,000 மீட்டர், கிட்டத்தட்ட நாலு எவரெஸ்ட். (அது நடப்பவர்களுக்கான பாதை. சைக்கிளோடு போய் நிற்காதீர்கள்.)

உங்கள் 80 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: மிதியோடு சுழலும் முன்பல்சக்கரத்தில் 42 பல், பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 36. ஏறிவிடுமா?

தார் ரோட்டில் ஏறும். சரளையில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடி விட்டுச் சுழலும். உட்கார்ந்தே ஏறுகிற அளவுக்கு கியர் வேண்டும். முன்னால் இருப்பதைவிடப் பின்னால் பல் அதிகம் இருக்கட்டும்: 40க்கு 44, இரட்டைப் பல்சக்கரம் என்றால் 30க்கு 34.

கேள்வி: டயர் என்ன அகலம், காற்று எவ்வளவு?

குறைந்தது 40 மில்லிமீட்டர். ஃப்ரேமில் இடமிருந்தால் 45. எழுபது கிலோ எடைக்காரர், 45 டியூப்லெஸ் என்றால் முன்னால் 28 பிஎஸ்ஐ, பின்னால் 31 என்று ஆரம்பியுங்கள். பழகின பாதையில் ஒவ்வொரு தடவையும் இரண்டு பிஎஸ்ஐ குறையுங்கள். ஏதோ ஒரு கல்லில் ரிம் "டக்" என்று இடிக்கும். இரண்டு ஏற்றுங்கள். அதுதான் உங்கள் அளவு. எண்பது கிலோ என்றால் எவ்வளவு, தொண்ணூறு என்றால் எவ்வளவு என்று என்னைக் கேட்க வேண்டாம், ரிம்மே சொல்லிவிடும்.

கேள்வி: உப்புக்காற்றில் சைக்கிள் துருப்பிடிக்குமே, என்ன செய்வது?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். துரு கண்ணுக்குத் தெரியும், அதனால் அது சின்ன எதிரி. டிஸ்க்கில் படியும் செம்பழுப்பு இரண்டு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். பெரிய எதிரி சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கி ஃப்ரேமுக்குள் இறங்கும் குழாய்.

அலுமினியமும் இரும்பும், அல்லது அலுமினியமும் கார்பனும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடுகிறது. அதில் அரிபடுவது அலுமினியம். அரித்து வருகிற வெள்ளை ஆக்சைடு, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். குழாய்க்குள் விரிந்து இறுகிவிடும். என் பழைய இரும்பு ஃப்ரேமில் அலுமினிய போஸ்ட்டை இரண்டு மழைக்காலம் தொடாமல் விட்டேன். கடைசியில் அதை வெளியே நீட்டியிருந்த இடத்தில் அறுத்துவிட்டு, ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கைப்பிடியாக்கி, உள்பக்கமாக நீளவாக்கில் அறுத்தேன். இரண்டு சாயங்காலம் போயிற்று. மாவு மாதிரி வெள்ளைப் பொடி கொட்டிக்கொண்டே இருந்தது.

மாதம் ஒரு தடவை போஸ்ட்டைக் கழற்றித் துடையுங்கள். இரும்பு ஃப்ரேமுக்கு கிரீஸ், கார்பன் இருந்தால் கார்பன் பேஸ்ட் (வழுக்காமல் பிடிக்க வைக்கும் பசை). ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் பேரிங்குக்குள் உப்பையும் சேர்த்துத் தள்ளும், வேண்டாம். ஸ்போக் நிப்பிள் (சக்கரக் கம்பியை ரிம்மோடு பிணைக்கும் சின்னத் திருகு) பித்தளையாக இருக்கட்டும்.

கேள்வி: 35 டயர் போதுமா?

மேலே பாருங்கள்.

கேள்வி: காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து எப்படித் திட்டமிடுவது?

பொதுக்காற்று, அதாவது வட்டாரம் முழுக்க ஒரே திசையில் அடிக்கும் காற்று, பலமாக இருக்கும் நாளில் சுலபம். முனை காற்றை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால், போகும்போது எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டு, களைத்துத் திரும்பும்போது முதுகில் வாங்குங்கள். காற்று குறுக்கே அடித்தால், காலையில் அடிபடும் கரை வழியாகப் போய், மறைவான கரை வழியாகத் திரும்புங்கள். பொதுக்காற்று மெலிந்த வெயில் நாள்தான் வேடிக்கையானது. அன்று காலையில் தீபகற்பத்தின் நடுவே உள்ள மேடு, மதியத்துக்கு மேல் கரை.

கேள்வி: மேடம், இதற்கு இவ்வளவு தத்துவம் எதற்கு? போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. எல்லா இடத்துக்கும் இதே விதிதான்.

சமவெளியில் சரி சார். தீபகற்பத்துக்கு இரண்டு கடல். வெயில் ஏறினதும் நிலம் சூடாகி, மேற்குக் கரையில் மேற்கிலிருந்தும் கிழக்குக் கரையில் கிழக்கிலிருந்தும் கடற்காற்று உள்ளே வரும். கரையோரம் போனாலும் வந்தாலும் உங்களுக்குப் பக்கக்காற்றுதான். இரண்டும் நடுவில் மோதி மேலே எழும்பும், மேகம் கூடும், சில நாள் அங்கே மட்டும் இடியோடு கொட்டும். ஃபுளோரிடாவின் கோடை மழைக்கு இது ஒரு முக்கியக் காரணம். இங்கிலாந்தின் கார்ன்வாலிலும் இப்படி நடக்கும். நடுமேட்டைக் காலையிலேயே முடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: அக்கா சொல்வது சரி. முன்னறிவிப்பில் மேற்குக் காற்று என்று போட்டிருந்தது, மதியம் கிழக்குக் கரையில் கிழக்கிலிருந்து அடித்தது. நான் ஏதோ தப்பாகப் பார்த்தேன் என்று நினைத்தேன்.

தப்பில்லை. பெரிய பரப்புக்குச் சொல்லும் முன்னறிவிப்பு உங்கள் குட்டிக் கரையின் காற்றைத் தவறவிடும்.

கேள்வி: கடற்காற்று இரண்டு கிலோமீட்டர் உள்ளே வருமா? அதை வைத்து ஒரு நாள் ஓட்டத்தையே மாற்றுவீர்களா?

மதியத்துக்குள் பத்து, இருபது கிலோமீட்டர் சாதாரணமாக வரும், சில இடங்களில் இன்னும் அதிகம். பல தீபகற்பங்களின் மொத்த அகலமே அவ்வளவுதான் சார்.

கேள்வி: சரி, எதிர்க்காற்றில் இழந்ததைப் பின்காற்றில் எடுத்துவிடலாமே, எப்படிப் போனால் என்ன?

எடுக்க முடியாது. போக 30 கிலோமீட்டர், மணிக்கு 15 வேகம் என்றால் இரண்டு மணி நேரம். வர 30 கிலோமீட்டர், வேகம் 30 என்றால் ஒரு மணி நேரம். சராசரி 20. காற்றில்லாமல் 22.5இல் ஓட்டியிருந்தால் இருபது நிமிடம் முன்னாலேயே வந்திருப்பீர்கள். மெதுவாகப் போகும் நேரம்தான் நீளம்.

கேள்வி: இந்தக் காற்றுச் சண்டையில் என் கேள்வி அமுங்கிவிட்டது. ஓதம் (கடல் மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கம்) இறங்கும்போது மட்டும் தெரிகிற மணல் வழியில் குறுக்கே போகலாமா?

மன்னிக்கவும், நல்ல கேள்வி. கடல் சீராக ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, பிறகு இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. இது தோராயக் கணக்கு. ஆனால் மூன்றாவது, நாலாவது மணியில் பாதி ஏற்றம் நடந்துவிடும் என்பதைப் புரிந்துகொள்ளப் போதும். முதல் மணியில் பாதத்தளவு தண்ணீரைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று இறங்கியவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் இன்னும் அதிகம். அந்த இடத்துக்கான ஓத அட்டவணையைப் பார்த்து, தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கடந்துவிடுங்கள். ஈர மணலில் ஓட்டினால் அன்றே செயினைக் கழுவுங்கள். சீட் போஸ்ட்டையும்தான்.

கேள்வி: குடிதண்ணீர்?

மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் சுமந்து போங்கள், வெயிலென்றால் முக்கால். குறுகலான நிலத்தில் ஓடைகள் குட்டையானவை, கோடையில் வற்றிவிடும். முனையில் பாதை முடிந்துவிடும், வேறு வழியாக வெளியேறவும் முடியாது.

கேள்வி: இறக்கத்தில், உதிரிச் சரளைத் திருப்பத்தில் விழுகிறேன்.

திருப்பத்துக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிடுங்கள். திரும்பும்போது முன்பிரேக்கைத் தொடாதீர்கள்.

கேள்வி: 32 டயர்...

போதாது. 28, 30, 32, 35 எல்லாவற்றுக்கும் இதே பதில்.

கேள்வி: முழங்கால் வலி வருகிறது, சீட் உயரம் காரணமா?

இருக்கலாம். பார்க்காமல் சொல்ல மாட்டேன். மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அக்கா, கார்பன் ஃப்ரேம், அலுமினிய போஸ்ட். போன வருஷம் மாட்டினது, அப்புறம் தொடவே இல்லை. நாளைக்குக் கடலோர ஓட்டம்.

இப்போதே கிளாம்பைத் தளர்த்தி, போஸ்ட் அசைகிறதா பாருங்கள். அசைந்தால் கழற்றித் துடைத்து, பேஸ்ட் தடவி மாட்டிவிட்டுப் போய் வாருங்கள். அசையவில்லை என்றால் சீட்டைப் பிடித்து முறுக்காதீர்கள், கார்பனில் விரிசல் விழுந்துவிடும். கிளாம்பைப் பழையபடி இறுக்கிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போங்கள். நாளைய ஓட்டம் அடுத்த வாரம் இருக்கட்டும்.